பட்டறைக்கு ஒரு ஹீட்டர், அப்பாவின் அறைக்கு வேறொரு ஹீட்டர்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உதகையில் காந்தல் பக்கம் 12க்கு 20 அடியில் தகரக் கூரை போட்ட தச்சுப் பட்டறை. டிசம்பர், ஜனவரியில் காலை ஏழு மணிக்கு உளியைப் பிடிக்க முடியாதபடி விரல் விறைத்துப்போகிறது. பட்டறையை ஒட்டிய 10க்கு 10 அடி அறையில் வயதான அப்பா படுக்கிறார். கடையில் ஹாலோஜன், குவார்ட்ஸ், கார்பன், எண்ணெய் ஹீட்டர் என்று நான்கைக் காட்டுகிறார்கள். மின்சாரம் குறைவாக இழுக்கும் ஒன்றை வாங்கி, பகலில் பட்டறையிலும் இரவில் அப்பாவின் அறையிலும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீலகிரியில் பல ஆண்டுகளாக வயரிங் வேலையும் ஹீட்டர் பழுதுபார்க்கும் வேலையும் செய்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: ஒரே ஹீட்டர் இரண்டு இடத்துக்கும் சரிவராது. பட்டறையில் உங்கள் உடம்பைச் சூடாக்க வேண்டும். அப்பாவின் அறையில் காற்றையும் சுவரையும் சூடாக்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு வேலை.

எது குறைவாக மின்சாரம் இழுக்கும் என்பதற்குச் சந்தேகமில்லாத விடை உண்டு. கம்பியைச் சூடாக்கி வேலை செய்யும் எல்லா ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரே அளவு வெப்பத்தைத்தான் தரும். அது 860 கிலோ கலோரி. ஐந்நூறு ரூபாய் ஹீட்டரானாலும் பத்தாயிரம் ரூபாய் ஹீட்டரானாலும் இந்தக் கணக்கு மாறாது. 'இந்தக் கார்பன் ஹீட்டர் பாதிக் கரன்ட்டில் அதே சூடு தரும்' என்று கடைக்காரர் சொன்னால், சூட்டின் அளவைப் பொறுத்தவரை அது தவறு. அந்த வெப்பம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதில்தான் வித்தியாசம். பாதி மின்சாரத்தில் உங்களுக்குப் போதுமான இதம் கிடைக்கலாம், ஆனால் அதற்குக் காரணம் ஹீட்டரின் திறமையைவிட அதை வைத்த இடமும் திருப்பிய திசையுமே.

ஜனவரியில் காலை ஒன்பது மணிக்கு வாசலில் வெயிலில் நின்று பாருங்கள். காற்று பத்து டிகிரிதான் இருக்கும், ஆனால் முதுகில் சுள்ளென்று உறைக்கும். இரண்டடி நகர்ந்து நிழலுக்குப் போனால் மறுபடி நடுக்கம். காற்றின் சூடு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கதிராக வரும் வெப்பம் வழியில் இருக்கும் காற்றை அதிகம் சூடாக்காமல் நேராக வந்து உடம்பில் இறங்குகிறது. சிவந்து எரியும் ராடும் அதன் பின்னால் பளபளப்பான தகடும் உள்ள ஹீட்டர் செய்வது இதையே. எண்ணெய் ஹீட்டரும் காற்று ஊதும் ஹீட்டரும் பெரும்பாலும் காற்றைச் சூடாக்குகின்றன. அந்தக் காற்று அறையைவிட்டு ஓடாமல் இருந்தால்தான் பயன்.

உங்கள் பட்டறையில் அந்தக் காற்று நிற்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே இருப்பது வெளியைவிடப் பத்து டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அடியில் சீலிங் இல்லாத தகரக் கூரை வழியாக மட்டும் ஏறக்குறைய 1,400 வாட் வெளியேறும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்கள் வழியாக ஆயிரம் வாட் போகும். கூரை பத்தடி உயரம் என்றால், ஷட்டரைத் தூக்கி வைத்து வேலை செய்யும்போது மணிக்குப் பத்து முறை காற்று மாறினாலே இன்னும் 1,700 வாட் சேர்ந்துகொள்ளும். மொத்தம் நான்கு கிலோவாட்டைத் தாண்டுகிறது. ஷட்டர் முழுவதும் திறந்திருந்து காற்றும் வீசினால் இந்தக் கணக்குக்கே இடமில்லை, எத்தனை வாட் போட்டாலும் தெருவுக்குத்தான் போகும். இது தோராயக் கணக்குதான். சுவரின் கனம், இடுக்குகள், ஷட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைப் பொறுத்து இப்படியும் அப்படியும் மாறும். ஆனால் பட்டறையின் காற்றைச் சூடாக்க முயல்வது வீண் என்ற முடிவு மாறாது. பட்டறைக்கு நான் கதிர்வீச்சு ஹீட்டரைச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அதிலும் எது என்றால், உங்களுக்கு நான் குவார்ட்ஸைச் சொல்வேன். ஒரு குழாயில் 400 வாட், இரண்டு குழாய் சேர்ந்து 800 வாட் என்று நம் ஊரில் பரவலாகக் கிடைப்பது. குழாய்க்குள் நிக்ரோம் கம்பிச்சுருள் இருக்கும், போட்ட அரை நிமிடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். உடைந்தால் அதே நீளக் குழாயை வாங்கிச் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். பட்டறை மாதிரி முரட்டு இடத்துக்கு இது முக்கியம். ஹாலோஜன் போட்ட மறுகணமே சுடும், ஆனால் கண் கூசும். ரம்பத்தின் கோட்டைக் கவனிக்க வேண்டிய இடத்தில் அந்த ஒளி தொல்லை. சூடாக எரியும்போது லேசாக இடிபட்டாலே இழை அறுந்துபோகலாம். அதன் குழாயை வெறும் விரலால் தொட்டு மாட்டினால் வியர்வை உப்பு பட்ட இடத்தில் கண்ணாடி நாளடைவில் வெளுத்துப் பலமிழந்துவிடும், துணியால் பிடித்துத்தான் மாட்ட வேண்டும். கார்பன் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நல்ல சாதனம்தான், மாற்றுக் குழாய் உள்ளூரில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். உலோக உறை போட்ட ராடு உள்ளதும் நல்லதே. சூடேற இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், ஆனால் அடி தாங்கும். அது சுவரில் மாட்டும் வகையில் கிடைத்தால் குவார்ட்ஸைவிடவும் அதற்கே முதலிடம். சுவரில் ஒட்டும் தட்டையான பேனல்களின் முகம் நூறு டிகிரிக்குள்தான் இருக்கும். மேசையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு அது இதம், ஷட்டர் திறந்த பட்டறைக்குப் போதாது. பீங்கான் கூம்பில் வெறும் கம்பி சுற்றிய பழைய கிண்ண ஹீட்டர் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் கம்பியில் நேரடியாக மின்சாரம் ஓடுகிறது. ஒரு ஆணியோ தகட்டுத் துண்டோ பட்டால் போதும்.

எத்தனை வாட் என்பதைவிட எங்கே வைப்பது என்பதற்கு அதிக நேரம் செலவிடுங்கள். குழாயிலிருந்து ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் தூரம் சுகமாக இருக்கும். தூரம் இரட்டிப்பானால் உடம்பில் விழும் சூடு பாதியாகும், இன்னும் விலகினால் நான்கில் ஒன்றாகக்கூடக் குறைந்துவிடும். மூலையில் ஒரு 2,000 வாட் ஹீட்டரை வைப்பதைவிட, வேலை செய்யும் மேசையின் இரு பக்கத்திலிருந்தும் 600 அல்லது 800 வாட் ஹீட்டர் இரண்டு நேராக உங்களைப் பார்க்கும்படி வைப்பது மேல். ஒரு பக்கம் மட்டும் சூடு பட்டால் முகம் வேகும், முதுகு நடுங்கும்; அரை மணி நேரத்தில் எரிச்சலாகிவிடும். சுவரில் ஏழடி உயரத்தில், கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுவது பட்டறைக்கு மிகச் சரியான முறை. ஆனால் சுவரில் மாட்டலாம் என்று கையேட்டில் சொல்லியிருக்கும் ஹீட்டரை மட்டுமே அப்படி மாட்டுங்கள். தரையில் நிற்கச் செய்த சாதனத்தைச் சாய்த்துத் தொங்கவிட்டால் வெப்பம் போகும் வழி மாறி மேல்மூடி உருகும். இன்னொன்று, செலவே இல்லாதது: சிமென்ட் தரையில் நேரடியாக நிற்காதீர்கள். கழிவு மரத்தில் ஒரு பலகை அடித்து அதன்மேல் நில்லுங்கள். குளிரில் பாதி காலடி வழியாக ஏறுகிறது என்று தச்சர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் 'பாதி' என்ற அளவுக்கு என்னால் உறுதி சொல்ல முடியாது, ஆனால் பலகை போட்டவர்கள் யாரும் அதை எடுத்ததில்லை.

கதிர் நேராகப் போகிறது என்பதால் மரத்தையும் கவனிக்க வேண்டும். மேசையில் கிடக்கும் பலகையின் ஒரு முகத்தில் மட்டும் சூடு விழுந்தால் அந்த முகம் முதலில் காய்ந்து சுருங்கி, பலகை கிண்ணம்போல் குழியும். ஒட்டிய மூட்டுகளுக்கும் இதே ஆபத்து. வெள்ளைப் பசை கடுங்குளிரில் சரியாகப் படலம் கட்டாமல் சுண்ணாம்புபோல் உதிரும் என்பது உண்மை. அதற்காக ஹீட்டர் முன்னால் நிறுத்துவது சரியான வழியல்ல. ஒட்ட வேண்டிய மரத்தையும் பசை டப்பாவையும் முந்தின இரவே வீட்டுக்குள் வைத்து, காலையில் எடுத்து வாருங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலில் எனக்கு மிக முக்கியமானது. சிவந்து எரியும் குவார்ட்ஸ் குழாயின் கம்பி 900 டிகிரி அளவில் இருக்கும். மரத்தூள் 300 டிகிரிக்குள்ளேயே பற்றிக்கொள்ளும். நீண்ட நேரம் சூட்டில் கிடந்தால் அதற்கும் கீழேயே கனலத் தொடங்கும். பழுதுபார்க்க வரும் பட்டறை ஹீட்டர்களைத் திறந்தால், பிரதிபலிக்கும் தகட்டின் கீழ் மடிப்பில் விரல் கனத்துக்குத் தூள் படிந்து, ஓரம் பழுப்பாகிக் கருகியிருப்பதைப் பார்க்கிறேன். அது தீ எடுக்காமல் போனது அதிர்ஷ்டம். அதனால் ரம்பம், இழைப்பு இயந்திரம், மணல்தாள் தேய்க்கும் இயந்திரம் எது ஓடினாலும் ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும். தூள் அடங்கிய பிறகே போட வேண்டும். தினமும் காலையில், ஆறிய நிலையில், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தகட்டைத் துடையுங்கள். தகடு பளபளப்பாக இருந்தால் சூடும் கூடுதலாக உங்கள் பக்கம் வரும். சீவல் குவியலிலிருந்து எல்லாப் பக்கமும் மூன்றடி இடைவெளி வேண்டும்.

வார்னிஷ், தின்னர் வேலைக்கு விதிவிலக்கே கிடையாது. பாலீஷ் அடிக்கும் இடத்தில், அடித்து ஆவி முழுவதும் வெளியேறும்வரை, எந்த ஹீட்டரும் கூடாது. 'இந்தக் குளிரில் தின்னர் எங்கே ஆவியாகப் போகிறது' என்று நினைக்க வேண்டாம். தின்னரில் கலக்கும் டொலுவீன் 4 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். உதகையின் ஜனவரிக் காலையில்கூடப் பெரும்பாலும் அதைவிடச் சூடாகத்தான் பட்டறை இருக்கும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், தரையில் நிற்கும் ஹீட்டரைத்தான் முதலில் தொடும்.

அடுத்தது வயரிங். இதை உங்கள் பட்டறைக்கு வந்து பார்க்காமல் யாராலும் முடிவாகச் சொல்ல முடியாது, என்னாலும்தான். பொதுவானவற்றைச் சொல்கிறேன். சிறிய 6 ஆம்பியர் பிளக் பாயின்ட்டில் ஆயிரம் வாட்டுக்கு மேல் நீண்ட நேரம் ஓட்டாதீர்கள். 2,000 வாட் ஹீட்டர் ஒன்பது ஆம்பியரை ஒட்டி இழுக்கும். அதற்குப் பெரிய 16 ஆம்பியர் பாயின்ட்டும், போர்டிலிருந்து தனியாக வரும் இரண்டரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரும் வேண்டும். பெரிய பிளக்கைச் சிறிய பாயின்ட்டில் செருக விற்கும் மாற்றுத் துண்டுகளை ஹீட்டருக்குப் பயன்படுத்தவே கூடாது. நான்கு ஓட்டை உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அப்படித்தான். அதன் ஒயர் மெலிதாக இருக்கும், சுருட்டி வைத்தால் உள்ளேயே வெந்துவிடும். எர்த் இணைப்பு உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று ஒரு மின்பணியாளரை வைத்துச் சோதியுங்கள். மூன்றாவது ஓட்டை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று ஆகாது. பழைய கட்டடங்களில் அந்த ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இல்லாததைப் பல முறை பார்த்திருக்கிறேன். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி ஒன்றைப் போர்டில் போட்டுக்கொள்ளுங்கள். ஈரக் கையும் உலோகமும் சேரும் இடத்தில் உயிரைக் காப்பது அதுதான், அளவுக்கு மீறிய கரன்ட்டுக்கு மட்டும் துண்டிக்கும் எம்சிபி அந்த வேலையைச் செய்யாது. இன்வெர்ட்டர் லைனில் ஹீட்டரை இணைக்க வேண்டாம்.

மலையில் காலை நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்குவது உங்களுக்குத் தெரியும். வோல்ட்டேஜ் குறைந்தால் சூடு அதைவிட வேகமாகக் குறையும். 230க்குப் பதில் 200 வோல்ட் வந்தால், 1,200 வாட் ஹீட்டர் 900 வாட் அளவுதான் தரும். எனவே 'ஹீட்டர் சூடாகவில்லை' என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் வோல்ட்டேஜைப் பாருங்கள். இயந்திரத்தின் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது குழாய் கண நேரம் மங்கினால் ஒயர் மெலிதாக இருக்கிறதா, இணைப்பு எங்காவது தளர்ந்திருக்கிறதா என்று தேட வேண்டும்.

அப்பாவின் அறைக்கு வருவோம். மூடிய சிறிய அறை, மரச் சீலிங், ஒரு ஜன்னல் என்றால் பத்து டிகிரி வித்தியாசத்துக்கு 700 முதல் 1,000 வாட் போதும். 9 தகடு உள்ள எண்ணெய் ஹீட்டர், சூடு போதுமானதும் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட்டுடன், அதற்குச் சரி. சூடேற இருபது நிமிடத்துக்கு மேலாகும் என்பதால் அவர் படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். எண்ணெய் எரிவதில்லை, தீர்வதில்லை, நிரப்பவும் வேண்டியதில்லை. வெளிச்சமும் சத்தமும் இல்லாததால் தூக்கம் கெடாது. தூங்குகிறவர் அறையில் சிவந்து எரியும் ஹீட்டரை இரவு முழுவதும் விடுவதை நான் எந்த வீட்டிலும் ஒப்புக்கொள்வதில்லை. கம்பளி நழுவி அதன்மேல் விழ ஒரு நொடி போதும். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடு சுட்டுக் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியவரும். சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்குக்கூட, தினமும் கால்களை ஹீட்டருக்கு மிக அருகில் நீட்டி உட்கார்ந்தால் முழங்காலுக்குக் கீழே வலைபோலப் பழுப்புத் தடம் விழும். தடம் தெரிந்தால் தள்ளி உட்கார வேண்டும், மறையாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஹாலோஜன் ஹீட்டர் அறையில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும் என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மின் ஹீட்டரில் எதுவும் எரிவதில்லை, எனவே ஆக்சிஜன் குறையாது. தொண்டை காய்வது வேறு காரணத்தால். பத்து டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை இருபது டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 42 சதவீத அளவுக்கு இறங்கிவிடும். தண்ணீர் எங்கும் போகவில்லை, சூடான காற்றின் கொள்ளளவு கூடிவிட்டது. இருமல் உள்ளவர் அறையில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைப்பதில் தவறில்லை, ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். அகச்சிவப்புக் கதிர் மூட்டு வலியைக் குணமாக்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பி அதிக விலை கொடுக்காதீர்கள். சூடு பட்டால் வலி சற்று இதமாகும், அது எந்த ஹீட்டரிலும் கிடைக்கும்.

ஆனால் உயிருக்கே ஆபத்தான ஒன்று நம் மலையில் இன்னும் நடக்கிறது. மின்சாரம் போனதும் பழைய சட்டியில் கரிக் கங்கை அள்ளி அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே முடிந்துவிடும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் இப்படி இறந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்திருக்கின்றன. அப்பாவின் அறைக்குள் கங்கு போகவே கூடாது.

மின் கட்டணத்தை ரூபாயில் சொல்லாமல் யூனிட்டில் சொல்கிறேன், விலைப்பட்டியல் மாறிக்கொண்டே இருக்கிறது. பட்டறையில் 1,200 வாட், காலை மூன்று மணி நேரம் என்றால் நாளுக்கு 3.6 யூனிட், மாதத்துக்கு 26 வேலை நாளில் 94 யூனிட். அப்பாவின் அறையில் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டு ஓடிச் சராசரி 700 வாட் என்று கொண்டால், எட்டு மணி நேரத்துக்கு 5.6 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 336 யூனிட். வீட்டு இணைப்புக்கு உள்ள இலவச யூனிட் அளவை அது எளிதாகத் தாண்டும், மேல் படிக்கட்டணமும் வரும். இதைக் குறைக்க வேண்டுமானால் ஹீட்டரை மாற்றிப் பயனில்லை. கதவு இடுக்கை அடைத்து, ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். வருடத்தில் நான்கைந்து மாதம் ஓடும் என்றால் சூடும் தரும் ஏசி ஒன்றை யோசிக்கலாம். அது வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை இழுப்பதால் ஒரு யூனிட்டுக்கு இரண்டரை முதல் மூன்று யூனிட் வெப்பம் தரும், கடுங்குளிரில் கொஞ்சம் குறையும். விலை அதிகம் என்பதால் அதை இப்போதே வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். பட்டறைக்கு அது பயன்படவும் செய்யாது.

கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்டரைச் சாய்த்தால் தானே அணையும் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அங்கேயே போட்டுச் சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். முன்னால் உள்ள கம்பி வலையில் விரல் நுழையக் கூடாது. மூன்று முள் பிளக்கும் தடித்த ஒயரும் இருக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் நாள் பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே, முழுச் சூட்டில் அரை மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, அதன் முட்களைத் தொடாமல் உடலை மட்டும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடாக இருந்தால் பரவாயில்லை. பிடிக்க முடியாத அளவு சுட்டாலோ, கருகல் வாடை அடித்தாலோ, பாயின்ட்டில் பிடிப்பு தளர்ந்திருக்கிறது. அந்தப் பாயின்ட்டை மாற்றும்வரை அங்கே ஹீட்டரைப் போடாதீர்கள்.